கறுப்பு வேட்டியில் ஒரு கிறிஸ்துமஸ்: விளாங்குடியிலிருந்து பசுமலை வரை

மொத்தத் தூரமே பதினோரு கிலோமீட்டர்தான். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். அழகர்கோவிலுக்கு அரைநாள் போய்வந்ததையே ஆறு பக்கத்துக்கு இழுத்துவிட்டேன் என்று போன மாதம் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அவர் இந்தக் கட்டுரையை விட்டுவிடலாம். ஆனால் சபரிமலைக்கு மாலை போட்ட நேரத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் அழைப்பு வந்து முழிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இது உதவும்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் கார்த்திகா போன வைகாசியில் டேனியலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. பசுமலையில் சர்ச்சில் கல்யாணம். எனக்கு முழு மனது இல்லை. போனேன், போட்டோவுக்கு விறைப்பாக நின்றேன், பந்தி போடும் நேரத்தில் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது உட்கார்ந்து சாப்பிடுவது, சின்ன விஷயம் இல்லை. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவாகும் வரை கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சொந்தம் என்று அர்த்தம். கல்யாணம் முடிந்து ஐந்து மாதமாகி, தீபாவளி வந்த பிறகும் கை நனைக்காத சம்பந்தி அநேகமாக மதுரையில் நான் ஒருவன்தான்.

தலைதீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. எங்கள் வீட்டு மிக்சியைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். நான் செய்ய வேண்டிய வேலை அது, இரண்டு வருடமாகச் செய்யவில்லை. கிளம்பும்போது கார்த்திகா சொன்னாள்: "அப்பா, கிறிஸ்துமஸுக்கு நீங்க எங்க வீட்டுல கை நனைக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்கென்னம்மா, கட்டாயம் வாரேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

கார்த்திகை ஒன்றாம் தேதி வந்தது. பதினாலு வருடப் பழக்கம். காலையில் குளித்தேன், கோயிலுக்குப் போனேன், குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டேன். தை பிறப்பதற்கு முன் மலைக்குப் போவது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "கிறிஸ்துமஸ் என்னைக்கு வருதுங்க?"

விரல் விட்டு எண்ணினேன். பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவையில் தேறியவன் நான்; ஆனாலும் இந்தக் கணக்கு தப்பவில்லை. மார்கழி பத்து. அன்றைக்கும் கழுத்தில் மாலை இருக்கும். கறி, மீன், முட்டை புழங்கும் அடுப்பில் சமைத்ததைத் தொடமுடியாது. கார்த்திகாவிடம் போனில் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "சரி, வந்து தலையக் காட்டிட்டுப் போங்க" என்றாள். நான் வேண்டுமென்றே மாலை போட்டுக்கொண்டேன் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்கே புரிந்தது.

இனிப் பயணம். டிசம்பர் 25, காலை 4.30க்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல். மனைவி முதல் நாளே மகள் வீட்டுக்கு உதவிக்குப் போய்விட்டாள். ஆகவே நானே எலுமிச்சம்பழச் சாதம் கிண்டி டிபன் கேரியரில் அடைத்துப் பைக்குள் வைத்தேன். அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டால் சாப்பிட்டது போலவும் ஆகும், விரதமும் கெடாது என்பது என் திட்டம். அடுப்படியில் நின்றபோது அற்புதமான திட்டமாகத்தான் தெரிந்தது.

6.40க்கு டவுன் பஸ். பத்து ரூபாய் டிக்கெட். ஏழேகாலுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து வெறுங்காலோடு நடந்து, டவுனுக்குள் இருக்கும் பழைய மாதா கோவிலுக்குப் போனேன். அங்கே குடிலைப் பார்க்கக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் நம்புவீர்கள். எனக்கு முன்னால் புர்கா போட்ட இரண்டு பெண்கள், குழந்தையைத் தூக்கி ஆட்டுக்குட்டி பொம்மையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் என்னைப் போலவே கறுப்பு வேட்டியில் மூன்று சாமிகள். மல்லிகைச் சரத்தை மாதாவுக்குக் கொடுத்துவிட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள எதுவும் தருவார்களா என்று தேடிய ஓர் அம்மாவும் உண்டு. மெழுகுவர்த்தி பத்து ரூபாய். நானும் ஒன்று ஏற்றினேன். என்ன வேண்டுவது என்று தெரியாமல், கூப்பிட்ட வீட்டில் மானத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்து காஜிமார் தெருப் பக்கம் ஷாஜகானின் கடை. நடந்தால் பதினைந்து நிமிடம். ஷாஜகான் என் நாற்பது வருட நண்பன். கார்த்திகாவுக்கு மாமா. அவன் கடையில் டிசம்பர் மாதம் ஒரே கயிற்றில் காகித நட்சத்திரமும் அய்யப்பன் வேட்டியும் தொங்கும். நான் கட்டியிருந்ததே அங்கே வாங்கியதுதான். அவனுக்கும் விருந்துக்கு அழைப்பு. பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். என் பையைத் தூக்கியவன் கனம் பார்த்துக் கேட்டான்.

"என்னடா இது, கேரியர்? கேக்கு வாங்கவா?"

"லெமன் சாதம். எனக்கு."

"விருந்து வீட்டுக்குக் கட்டுச்சோறா? மாப்ள, வேட்டி கட்டுன அளவுக்காவது புத்தி வேணாமா? அந்தப் பிள்ளை மூஞ்சிய எப்படிப் பாப்ப?"

"வேற எங்கிட்டு வழி இருக்கு, சொல்லு."

அவனுக்கும் வழி தெரியவில்லை. "வெளிய மட்டும் எடுத்துராத" என்று சொல்லி வண்டியை உதைத்தான். வழியில் நூற்றெண்பது ரூபாய்க்கு ஆப்பிளும் மாதுளையும் வாங்கி, அதே பையில் கேரியருக்கு மேலே போட்டேன். தவறு அங்கேதான் நடந்தது.

11.40க்குப் பசுமலை. வாசலில் நட்சத்திரம், மாக்கோலம், உள்ளே பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள். டேனியலின் அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். "வாங்கண்ணே" என்று வரவேற்றார். பழத்தை எடுப்பதற்காகக் கார்த்திகா பையை வாங்கினாள். நான் கை நீட்டுவதற்குள் அடியில் இருந்த கேரியர் வெளியே வந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள்.

"விருந்துக்குக் கட்டுச்சோறு கட்டிட்டு வந்தீகளா?"

என் மனைவி அடுப்படி வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். கார்த்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன்ல அத்தை. இவருக்காக நாலு நாளா வீட்டுல எல்லாரையும் பட்டினி போட்டீங்களே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டேனியலின் சித்தப்பாதான் விளக்கினார். பருத்த மனிதர், சோகமான முகம். "சாமி, நாலு நாளா இந்த வீட்டுல கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல. கேக்குலகூட முட்டை போடல. வீடு கழுவி, அடுப்பு புதுசு, பானை சட்டி புதுசு. எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு. பிரியாணி இல்லாத கிறிஸ்துமஸ் இதான் மொதத் தடவ."

"பிரியாணி இல்லையா?" என்று ஷாஜகான் கேட்ட கேள்வியில்தான் உண்மையான துக்கம் இருந்தது.

மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிடுவேன் என்று மறைத்துவிட்டாள். இருபத்தேழு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள் கணிப்பைக் குறை சொல்ல முடியாது.

அந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகப் பேசித் தப்பிப்பதுதான் என் வழக்கம். அன்று அது வேண்டாம் என்று பட்டது. டேனியலின் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். "தங்கச்சி, கல்யாணத்தன்னைக்கு எனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல. சாப்பிட மனசில்லாமத்தான் போனேன். தப்பு என்னோடது. இந்த மாலை மட்டும் சத்தியமா மறதியில போட்டது" என்றேன்.

"வயித்துக் கோளாறு இல்லன்னு அன்னைக்கே தெரியும்ணே. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ நான்" என்றார் அவர். பிறகு கார்த்திகா கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார். "சாமி கையால ஆக்குனது. எல்லார் எலையிலயும் மொதல்ல இதுல ஒரு கரண்டி வைங்க."

பதினெட்டு இலை போட்டார்கள். என் இலையில் கார்த்திகா பரிமாறினாள்: சாம்பார், அவியல், உருளைக்கிழங்கு, வடை, பால் பாயசம், முட்டையில்லாத கேக் ஒரு துண்டு. சரணம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாமா என்று தயங்கினேன். "சொல்லுங்க சாமி, நாங்களும் ஜெபம் பண்ணித்தான் சாப்பிடுவோம்" என்றார் சித்தப்பா. அவர்கள் ஜெபம் செய்தார்கள். நான் மெதுவாகச் சரணம் சொன்னேன். ஷாஜகான் பிஸ்மி சொல்லி முதல் ஆளாகக் கை வைத்தான். நான் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்வரை கார்த்திகா கரண்டியோடு எதிரிலேயே நின்றாள். அப்புறம்தான் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"லெமன் சாதத்துல உப்பு இல்லையே சாமி" என்று சித்தப்பா சொன்னார். அவர் மறுசோறு கேட்டதும் சாம்பாருக்குத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குடில் பார்க்கக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு நிற்க இடம் இருக்காது. பெரியாரிலிருந்து பசுமலை ஐந்து கிலோமீட்டர். திருப்பரங்குன்றம் போகும் பஸ் எல்லாம் நிற்கும். வெறுங்காலோடு போகிறவர்கள் மதியம் நிழல் பக்கமாக நடக்கவும். மாலை போட்டிருந்தால் அழைத்தவர்களிடம் அதை முன்னதாகச் சொல்லி, என்ன முடியும் என்ன முடியாது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நம்மைவிட அவர்களுக்கு அதிக யோசனை தோன்றும். என்னைப் போல் நாமே யோசித்தால் கேரியரோடு போய் நிற்போம்.

ஜனவரி முதல் வாரம் மலைக்குப் போய்விட்டுக் குமுளி வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். தேனி தாண்டும்போது போன். டேனியலின் சித்தப்பா.

"சாமி, எங்க வாரீக?"

"உசிலம்பட்டிக்கு இன்னும் அரைமணி ஆகும்."

"வீட்டுல போய் மாலையக் கழட்டிட்டு நேரா பசுமலைக்கு வந்துருங்க. பத்து நாளா ஒருத்தரும் பிரியாணி வைக்கல, சம்பந்தி வரட்டும்னு அண்ணி பிடிவாதமா இருக்காக. நான் கறிக்கடை வாசல்ல நிக்கிறேன். எம்புட்டுக் கறி எடுக்க?"

"நல்லா நெறையவே எடுங்க" என்றேன். "வாரேன்."