சரோஜா அண்ணியிடம் சொல்லாத மாத்திரை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு பெண் தன் மருந்தை நிறுத்தினாள். மூச்சு முட்டிச் செத்துப்போனாள்.

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடங்களாகத் தொண்டையில் நின்றது, மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் அடுத்த வரியில் சிரிப்பு வரும் என்று காத்திருப்பார்கள். ஏகாம்பரம் என்றால் அப்படி ஒரு பெயர். சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் என்பார்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயல், பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். அறுபதுகளின் நடுப்பகுதி. டிரைவர் கன்னியப்பன் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய மனைவிதான் சரோஜா அண்ணி.

எனக்கு ஒரு வியாதி. தை மாதம் கதிரடிப்பு தொடங்கி, சவுக்குத் தோப்புகள் பூத்து மஞ்சள் தூள் காற்றில் ஏறியதும் எனக்குத் தும்மல் ஆரம்பிக்கும். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், பங்குனி முடியும்வரை விடாது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு நெல் தூசு ஆகவில்லை. என் அப்பா இதை மானக்கேடாகவே எடுத்துக்கொண்டார்.

தும்மினால் என்ன, துடைத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்காது. கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால் யாரும் கால் எடுத்து வைக்கமாட்டார்கள். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். இரட்டைத் தும்மலுக்குத் தோஷமில்லை. மற்றவர்களுக்கு இது எப்போதோ வரும் இடைஞ்சல். எனக்கோ விசில் ஊதி வண்டியைக் கிளப்புவதே வேலை... விசிலை வாயில் வைக்கும்போதுதான் தும்மல் வரும். விசிலுக்குள்ளேயே தும்மியிருக்கிறேன்.

கன்னியப்பன் அண்ணன் உடனே என்ஜினை அணைத்துவிடுவார்.

"ஒண்ணோட நிறுத்தாத நைனா. இன்னொண்ணு போடு, போய்க்கினே இருக்கலாம்."

"வரமாட்டேங்குதுணா. ஸ்டாக்கு அவ்ளோதான்."

யாராவது ஒரு கிழவர் மூக்குப்பொடி டப்பியை நீட்டுவார். உறிஞ்சினால் இரண்டாவது வரும். கூடவே மூன்றாவதும் வந்துவிடும். மூன்று என்றால் ஒற்றையா, இரட்டையும் ஒன்றுமா என்று வண்டிக்குள் பஞ்சாயத்து நடக்கும். அதற்குள் பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போய்விடும்.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். மாசி முடிவதற்குள் தும்மல் நிற்கவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நானும் அன்று சிரிக்கவில்லை.

பயணிகளிடம் முறையிட்டேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பழவேற்காட்டு மீனோடு புதுவாயலில் ஏறும் முனியம்மாள் மிளகு தட்டிப்போட்டு நண்டு ரசம் குடிக்கச் சொன்னாள். பெரியபாளையத்து விவசாயி ஒருவர் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் நெல்லிக்காய்ச் சாறும் தேனும் என்றார். இன்னொருவர் மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். தயிர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, விடியற்காலையில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே வரக்கூடாது.

எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றையும் விடவில்லை. அருகில் வந்தால் ரசச் சட்டி வாசனை அடிக்கிறது என்று டிக்கெட் வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். நொச்சி ஆவி பிடித்தால் மூக்கு திறக்கும், அது பொய்யில்லை. ஆனால் ஒரு மணி நேரம்தான். பிறகு பழைய கதை.

மாசி பாதியில் பயம் வந்துவிட்டது. திருவள்ளூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கம்பவுண்டரைப் பார்த்தேன். சின்னதாய் வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

"தூக்கம் வரும். டிரைவரா நீ?"

"கண்டக்டர் சார்."

"அப்ப பரவால்ல. பாதி பாதியா போடு."

அரை மாத்திரை. மறுநாள் தும்மல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

இதை ஏன் மறைத்தேன்? கேளுங்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்...

கன்னியப்பன் அண்ணனின் பழைய கண்டக்டர் ஒருவன் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படியில் நின்றபடியே கண்ணயர்ந்து ரோட்டில் விழுந்துவிட்டானாம். அதிலிருந்து அண்ணனுக்கு ஒரு கட்டளை உண்டு. மாத்திரை தின்றவன் என் வண்டியில் ஏறக்கூடாது. தெரிந்தால் என்னை இறக்கிவிடுவார். முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம் இதைவிடக் கேவலமானது.

"இன்னா கண்டக்டரே, சத்தத்தையே காணம்? நம்ம நண்டு ரசந்தான?" என்றாள் முனியம்மாள்.

"பின்ன? நண்டு உள்ள போயி மூக்க கவ்விக்கினு கீதுக்கா. வுடமாட்டேங்குது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. பெரியபாளையத்துக்காரர் கேட்டார், உங்கள் நொச்சிதான் என்றேன். வாத்தியார் கேட்டார், நெல்லிக்காய்தான் சார் என்றேன். ஆளுக்கொரு பங்கு கொடுத்தேன். பஸ் முழுக்கச் சந்தோஷம். தும்மல் கண்டக்டர் என்ற பெயர் போய், பத்தியத்தால் ஜெயித்தவன் என்ற பெயர் வந்தது. யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

சரோஜா அண்ணிக்கும் அதே மாதங்களில்தான் வரும். அவளுக்கு அது தும்மலில் தொடங்கி இளைப்பில் போய் முடியும். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தாள். மாத்திரை கேட்கும். ஆனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். குழம்பு ஊற்றும்போது கரண்டி ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கையால்தான் அண்ணனுக்குக் கட்டும் சோற்றோடு எனக்கும் ஒரு டப்பா கட்டி அனுப்புவாள்.

ஒருநாள் திருவள்ளூரில் பயணிகள் இறங்கி வண்டி காலியானதும் அண்ணன் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"ஏகாம்பரம், கிண்டல் வேணாம். நெசமா சொல்லு. நீ மாத்திரை இன்னாத்தயும் துண்ல இல்ல?"

மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது.

"இந்த மூக்க பாத்தா மாத்திரை துண்ற மூக்கு மாதிரியாணா கீது?"

அவர் சிரித்தார். நிம்மதியாகச் சிரித்தார். பிறகு டிக்கெட் கட்டின் பின்னட்டையைக் கிழித்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நொச்சி, நெல்லி, தேன், மிளகு, எண்ணெய், தயிர் கூடாது... நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்றைத் தவிர.

நான் பொய் சொல்லவில்லையே, வேடிக்கையாகத்தானே பேசினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

அண்ணி மாத்திரையை நிறுத்தினாள். அப்போது பங்குனி முடிந்திருந்தது. சித்திரை, வைகாசி, ஆடி, ஐப்பசி... இளைப்பே இல்லை. காற்றில் தூளே இல்லாத மாதங்கள் அவை. நிறுத்தாமல் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதை யோசிக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். கை நடுக்கம் போய்விட்டது என்று எனக்குப் பால் பாயசம் கொடுத்தனுப்பினாள். குடித்தேன்.

அடுத்த தை வந்தது. நான் அரை மாத்திரையைத் தொடங்கினேன். அண்ணிக்கு இளைப்பு தொடங்கியது.

ஒருநாள் அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சாவி எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"உனக்கு... எத்தினி நாள்ல கேட்டுச்சி தம்பி?"

"நாப்பது நாளு ஆச்சி அண்ணி." பிறகு எனக்கே பொறுக்காமல், "அந்தப் பழைய மாத்திரையும் கூட போட்டுக்கயேன்" என்றேன்.

"அத்த போட்டா இது வேல செய்யாதுன்றாரு உங்கண்ணன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ மாத்திரையும் போட்டியா?"

பாருங்கள், அவளே கதவைத் திறந்துவிட்டாள். நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையில் இருந்ததை எடுத்துக் காட்டியிருக்கலாம். வேலை போயிருக்கும். போகட்டுமே. எனக்கு இருந்த நிலத்தில் மாடு மேய்த்தாவது பிழைத்திருப்பேன்.

"இல்ல அண்ணி," என்றேன்.

இந்த முறை வேடிக்கை இல்லை. வெறும் பொய். எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாத பொய்.

"அப்ப எனக்கும் கேக்கும்," என்றாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில், வண்டி எடுக்கும் நேரத்தில், அண்ணியை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஏறியிருந்த பயணிகள் தாமாகவே இறங்கிக்கொண்டார்கள். அண்ணன் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் வண்டித் தரையில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். பதர்த் தூசு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அண்ணி வாயைத் திறந்து திறந்து மூடினாள். என் மூக்கு சுத்தமாக இருந்தது. அன்று காலை அரை மாத்திரை போட்டிருந்தேன்.

பொன்னேரிக்குள் நுழையும் முன்பே மூச்சு அடங்கிவிட்டது. நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரே திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

காரியம் முடிந்த அன்று பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"அவ வாய கட்டல நைனா. எம் பொண்ணு சொல்லுது, திருட்டுத்தனமா தயிர் ஊத்திக்கினாளாம். ரெண்டு தபா. நீ கட்டுன, உனக்கு போச்சி. அவ கட்டல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாண்ணா."

செத்தவள்மேல் ஒரு குற்றத்தையும் ஏற்றி அனுப்பினேன். இரண்டு கரண்டித் தயிர்.

இத்தோடு முடிந்திருந்தால் என் பாவத்துக்கு ஓர் எல்லை இருந்திருக்கும். அவர்கள் மகள் விஜயாவுக்குப் பதினெட்டு வயதானபோது அவளுக்கும் இளைத்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு நிலம் அளக்க ஆரம்பித்திருந்த காலம். அண்ணன் அந்தப் பழைய பின்னட்டையை எடுத்துவைத்துக்கொண்டு நொச்சி பறிக்கக் கிளம்பிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்ணா," என்றேன்.

"நீயே சொல்றியா? உனக்குப் போன வைத்தியம் அவளுக்கு ஆவாதா?"

அன்றாவது சொன்னேனா? இல்லை. திருவள்ளூரில் ஒருவர் இருக்கிறார், உள்ளுக்கு மூலிகை மாத்திரை கொடுப்பார், பத்தியத்தோடு அதுவும் சேர்ந்தால் சீக்கிரம் கேட்கும் என்று ஒரு கதை கட்டினேன். விஜயாவைச் சரியான டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்து எழுதிக்கொடுத்த மாத்திரைகளைக் காகிதம் உரித்து ஒரு தகர டப்பாவில் கொட்டி, மூலிகை என்று கொடுத்தேன். மாதாமாதம் நானே வாங்கி நிரப்பினேன். இன்றும் நிரப்புகிறேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். ஆமாம், பிழைத்தாள். ஒரு பொய் கொன்றது, இன்னொன்று காப்பாற்றியது, கணக்குச் சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாள் தூங்கினேன்.

அண்ணன் எல்லோரிடமும் சொன்னார்: "பொண்ணு வாய கட்டுச்சி, பொழச்சிக்கிச்சி. ஆத்தாகாரி கட்டல."

இப்போது நான் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், மாத்திரையை நிறுத்தச் சொன்னது தாம்தான் என்று அண்ணன் உடைந்துபோவார். என் பாரத்தை அவர் தலைக்கு மாற்றியதாகும். ஆகவே சொல்லாமல் இருக்கிறேன்... இப்படி ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறேன். கோழைக்குக் காரணங்கள் கிடைப்பதில் எப்போதும் பஞ்சம் வந்ததில்லை.

விஜயாவுக்குக் கல்யாணம் ஆகி, இப்போது ஒரு பெண் குழந்தை. போன மாதம் டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது தயிருக்குக் கை நீட்டியது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம் கண்ணு. உங்க பாட்டி இத்த துண்ணுதான் செத்துப்போச்சி." என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா கொஞ்சம் வாய கட்டியிருந்தா இன்னிக்கி இருந்திருக்கும். இல்ல சித்தப்பா?"

குழந்தையும் என்னைப் பார்த்தது.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.