அடுப்படியில் காய்ந்த படகு

சூரியநெல்லிக்குக் கீழே, அணைத் தண்ணீரின் ஓரத்தில் எங்கள் லயம், எஸ்டேட் வரிசை வீடுகள். என் வீட்டுக்காரருக்கு வேலை அக்கரையில், ஒரு ரிசார்ட் தோட்டத்தில். சுற்றிப் போகிற ரோட்டில் விடிகாலையில் ஆனை நிற்கும். பக்கத்து லயத்துக்காரரை அங்கேதான் மிதித்தது. அதன் பிறகு, வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று இவர் போன் பண்ணும்வரை எனக்குக் கட்டன் டீ கூட இறங்காது.

“தண்ணியில போறவன ஆனை என்ன பண்ணும்?” என்று ஒரு படகு செய்ய உட்கார்ந்தார். நீச்சல் தெரியாத மனுஷன். விழுந்து கிடந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து வாங்கி, முன்னறையிலேயே இழைத்தார். ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்தார்.

முடிந்த அன்று, போனில் பார்த்த வீடியோவைச் சொன்னார். “மூணு நாளு தண்ணியிலயே போட்டு ஊற வெக்கணுமாம் புள்ள. பலகை உப்பி இடுக்கெல்லாம் அடைஞ்சிருமாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஊறாத சாமான் இந்த லயத்துல என்ன இருக்கு? தீப்பெட்டியே நமுத்துக் கெடக்கு. காயாத பலகை கனத்து முங்கிராதா?”

“அதுவும் சரிதான்” என்றார்.

மழைக்காலம் முழுக்க துணி, விறகு, செருப்பு என்று எல்லாவற்றையும் அடுப்பு அனலில் காயவைத்துப் பழகியவள் நான். படகையும் அடுப்படியில் சாய்த்தேன். குளித்த பிள்ளைக்குப் புகை காட்டுவதுபோல, ஒரு வாரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி வைத்தேன். தட்டினால் டங்கென்று கேட்டது. என்ன பெருமை எனக்கு! பாழாய்ப்போன பெருமை.

முதல் நாள் கரையில் நின்று அனுப்பினேன். பாதித் தண்ணீரில் அவர் குனிந்து குனிந்து எதையோ அள்ளிப் போடுவது தெரிந்தது. வேலைக்குப் போகிறவருக்கு மீன் கேட்கிறதோ என்று நினைத்து, நின்ற இடத்திலேயே சிரித்தேன். அதற்குள் மேகம் இறங்கி மூடிவிட்டது.

போன் வரவில்லை. மதியம் அவரை எடுத்தார்கள்.

படகு நான்காம் நாள்தான் கிடைத்தது. கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். அன்று பெய்த மழையில் அது விளிம்புவரை நிறைந்தது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மறுநாள் சாயங்காலம்வரை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை.