கயிறு பிடித்தவர்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டர் வாசலில் அவரைப் பார்த்தேன். கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். உப்பில் வெளிறிய முடி, பலகை போல மார்பு. கன்னம் மட்டும் என்னுடையதைப் போலவே வீங்கியிருந்தது. உள்ளே யாரோ அலறியதும் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

"ஆழத்துக்குப் போவப் போவ இந்தப் பல்லு மண்டையப் பொளக்கு அண்ணாச்சி. தொழிலுக்குப் போவ முடியல. அடைக்கதுக்கு ஒரு மாசக் கூலி கேக்காரு. புடுங்கிருங்கன்னுட்டேன்" என்றார். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மடியிலிருந்து நீளமான கயிறு ஒன்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"கயிறு புடிக்க ஆளில்லாம நான் எங்கயும் எறங்குனதில்ல. எப்பவும் மச்சான்தான். தங்கச்சி தாலிய நெனச்சிக் கவனமாப் புடிப்பான். இன்னைக்கு அவன் வரல. நான் இழுத்தா என்னைய வெளிய இழுத்துருங்க."

அவர் இழுக்கவே இல்லை. வாயில் பஞ்சோடு வந்து, கயிற்றை என் மணிக்கட்டில் கட்டி அனுப்பினார். நான் இடுக்கியைப் பார்த்ததுமே இழுத்தேன். அடுத்த நொடி வாசலில் கிடந்தேன், பிடுங்காத பல்லோடு.

அவர் சிரிக்கவில்லை. "கீழ இருக்கவன் இழுத்தா ஏன்னு கேக்கப்படாது. தூக்கிரணும்."

அடுத்த வாரம் வலி தாங்காமல் மறுபடி போனேன். இந்த முறை என் மனைவியின் தம்பி கயிறு பிடித்தான். இடுக்கி வாய்க்குள் வந்ததும் பலமாக இழுத்தேன்.

"எதுக்கு அத்தான் இழுக்கிய?" என்று வெளியே இருந்து கேட்டான்.

அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அதற்குள் பல் வந்துவிட்டது.