செட்டை மோந்து பார்த்தவர்

பென்டிரைவைச் செருகினால் எங்கள் வீட்டு ஸ்டீரியோ செட் பாடவில்லை. இன்ஜினியரிங் படித்த மகன் சரிபண்ணிவிடுவான் என்று அம்மா இலஞ்சியில் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நான் மூன்று நாள் பென்டிரைவைத் திரும்பத் திரும்ப பார்மேட் பண்ணித் தோற்றுப்போய், தென்காசியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தானில் ஒரு ஊக்கு தொங்கியது. நான் விளக்க விளக்க, அவர் செட்டை மோந்துகொண்டே இருந்தார். எரிச்சலாக வந்தது.

"அண்ணாச்சி, நான் சொல்லுதது கேக்குதா இல்லையா?"

"சந்தன வாசம் அடிக்கு தம்பி. பொட்டு வச்சது யாரு?"

முந்தின வாரம் ஆயுதபூஜைக்கு வைத்தது நான்தான். பென்டிரைவ் செருகும் ஓட்டைக்குள் காய்ந்திருந்த சந்தனத்தை அவர் ஊக்கால் சுரண்டி எடுத்ததும் பாட்டு வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன கோளாறாம்?"

"உள்ள ஒரு வயரு விட்டுப்போச்சுக்கா. தம்பி மத்ததெல்லாம் சரியாத்தான் பண்ணிருக்கு."

அம்மாவிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத எனக்காக அவர் ஏன் பொய் சொன்னார் என்பதும் விளங்கவில்லை.