சீட்டைக் கழற்றாமல்

அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய திங்கட்கிழமை காலை, வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் அப்பாவின் கடைக்குள் ஒரு பிக்கப் வண்டி வேலை முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்சீட்டு, மூன்று பேர் உட்காரும் முழுநீள சீட்டு, ஓரமாகத் தரையில் கிடந்தது. முந்தைய நாள் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிவைத்தது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் பலகை அடித்து, அதில் ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் பொருத்தியாகிவிட்டது. ஒயர் இழுப்பதும் சீட்டை ஏற்றுவதும்தான் பாக்கி.

வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது.

"ஆறே மாசம், ஊசி," என்றான் அண்ணன். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன். அப்புறம் நீ எங்கே வேணும்னாலும் போ. கடையை நான் பார்த்துக்கறேன்."

"இந்த சீட்டை யாரு ஏத்தறது?"

"பக்கத்துக் கடை பஞ்சர்க்காரரைக் கூப்பிடு. சும்மா ஈ ஓட்டிட்டுத்தானே உக்காந்திருக்கார்."

ஊசி என்பது தங்கைக்குத் தெரு வைத்த பெயர். அப்படி ஓர் ஒடிசலான உடம்பு. ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. கடைக்கு வரும் வண்டியின் மிதியடியை உதறும்போதெல்லாம் இது எந்த ஊர் மண் என்று டிரைவரிடம் கேட்பாள். அவள் போன அதிகபட்ச தூரம் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒயர் மொத்தக்கடை. அண்ணனும் அவளும் பேசிவைத்திருந்தார்கள்: முதலில் அவன், அடுத்து அவள். அப்பாவைத் தனியாக விட முடியாது. முழங்கால் போனதிலிருந்து அவர் உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது, கல்லாவிலேயே இருப்பார்.

பஞ்சர்க்காரர் வந்தார். சீட்டை ஒரு பக்கம் தூக்கியவர் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படியோ ஏற்றி முடித்ததும், "இன்னொரு தடவை இந்த மாதிரின்னா என்னைக் கூப்பிடாதேம்மா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் அடுத்த வண்டி வந்தபோது அவள் சீட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏற்ற ஆளில்லை. பக்கவாட்டில் தொங்கிய பட்டையை இழுத்துச் சாய்மானத்தை முன்னால் தள்ளினாள். ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. மூச்சை விட்டு, ஒருக்களித்து, தலையை முதலில் கொடுத்து நுழைந்தாள். கன்னத்தில் இரும்பு, முதுகில் சீட்டின் கம்பி. கண்ணால் பார்க்க வழியில்லை. விரலால் தடவி ஆம்ப்ளிஃபயரின் திருகுத் துளையைக் கண்டுபிடித்து, குட்டை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினாள். உள்ளே பசை நாற்றமும் பழைய பஞ்சு நாற்றமும் மூக்கை அடைத்தன. வெளியே வந்தபோது கன்னத்தில் போல்ட்டு அச்சு பதிந்திருந்தது.

அந்தச் சமயத்துக்கு ஒப்பேற்றினால் போதும் என்று செய்த வேலை அது. ஆனால் கழற்றி மாட்டிய சீட்டு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முனகும் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும். இவள் கை வைத்த வண்டி முனகவில்லை. பேச்சு பரவியது. அப்பா ஒரு போர்டே எழுதி மாட்டிவிட்டார்: சீட்டைக் கழற்றாமல் ஆம்ப் பொருத்தித் தரப்படும்.

ஆறு மாதம் வந்தது, போனது.

"எப்ப வரே, அண்ணா?" என்று போனில் கேட்டாள்.

"வந்து நான் என்ன பண்ணப்போறேன், சொல்லு? என் தொப்பைக்கு அந்தச் சந்துல கையே நுழையாது. கூட்டம் உன்னைத் தேடித்தானே வருது."

"பழையபடி சீட்டைக் கழட்டியே செய்யலாமே. நீயும் வேலைக்கு ஒரு ஆளும்."

"போர்டை என்ன பண்றது?"

அவளும் முயன்று பார்த்தாள். அப்பாவிடம் சொல்லி வேலைக்கு இரண்டு பேரை வைத்தாள். முதல் நாள் வந்த வண்டிக்காரர் சீட்டு போல்ட்டில் ஸ்பானர் பட்டதுமே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "ஊசி நுழையறதா இருந்தா வண்டியை விடறேன். இல்லைன்னா நாளைக்கு வரேன்." அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

அவள் சாப்பாட்டின் மேலும் அப்பாவுக்கு ஒரு கண் வந்தது. இரண்டாவது முறை குழம்புக்குக் கை நீட்டினால் அப்பா மெதுவாகச் சொல்வார். "போதும்மா. நாளைக்கு ரெண்டு வண்டி இருக்கு."

ஒருநாள் ஊர் ஊராகப் போய் மேடைகளுக்கு ஒலி அமைக்கும் அக்கா ஒருத்தி தன் வண்டியைக் கொண்டுவந்தாள். சீட்டுக்குப் பின்னாலிருந்து நீண்ட கால்களைப் பார்த்தாள்.

"உள்ளே ஆளா, இல்லை காலை மட்டும் யாராவது விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"ஆள்தான், அக்கா," என்றது உள்ளிருந்து.

"ஒயரை ரெண்டு பக்கமாப் பிரிச்சு இழுத்திருக்கியே, யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒண்ணா இழுத்தா ஸ்பீக்கர்ல இரையும். கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அக்கா படியில் உட்கார்ந்து வேலை முடியும்வரை அந்தக் கால்களோடு பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது சொன்னாள். "மழை விட்டதும் கிளம்பறோம். ஒருத்தி குறையுது. வரியா? ஒரு இடத்துல ஒரு வாரத்துக்கு மேல இருக்க மாட்டோம், அதை மட்டும் யோசிச்சுக்கோ."

யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. அன்றே அண்ணனுக்குப் போன் செய்தாள். "மழை முடியறதுக்குள்ள நிச்சயம் வந்துடறேன்," என்றான். பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். மழையோடு பை காயவேயில்லை. மழை விட்டபோது காய்ந்தது. அண்ணன் வரவில்லை.

அக்காவின் வண்டி ஹாரன் அடித்தபோது அவள் வேறொரு வண்டியின் சந்தில் இருந்தாள். இடது உள்ளங்கையில் ஆம்ப்ளிஃபயரின் முழுப் பாரம். நான்கு திருகில் ஒன்றுதான் பிடித்திருந்தது. கையை எடுத்தால் விழும். கையை எடுக்காமல் வெளியே வர முடியாது.

"எங்கே நம்ம ஆளு?" அக்காவின் குரல்.

"வேலையில இருக்கா," என்றார் அப்பா.

"வராளா, இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

அப்பா கல்லாவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. "அவ அண்ணன் வந்துடட்டும்மா. இப்ப அவளால முடியாது."

அவள் "அக்கா" என்றாள். பஞ்சு அதை வாங்கிக்கொண்டது. நெஞ்சை விரித்துக் கத்த அந்தச் சந்தில் இடமில்லை. மூச்சை இழுத்தால் முதுகில் கம்பி இறங்கியது. இரண்டாவது திருகைத் தேடினாள். அது துளையில் உட்கார்ந்தபோது டீசல் எஞ்சின் உறுமி, கியர் மாறி, தெருமுனையில் தேய்ந்தது. மூன்றாவது, நான்காவது திருகுகளை வழக்கம்போல கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினாள்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார். "மேடைக்காரம்மா வந்துட்டுப் போனாங்க."

"கேட்டுச்சு," என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று வேலை பார்த்த வண்டியை அதன் சொந்தக்காரர் பிறகு விற்றுவிட்டு வேறொன்று வாங்கினார். அதற்கும் அவளே பொருத்தினாள். அதையும் விற்றார். அண்ணன் பண்டிகைக்குப் பண்டிகை படம் அனுப்பினான். எப்போது வருகிறாய் என்று கேட்டால் கையைக் கூப்பிய பொம்மை ஒன்று வரும். அவள் கேட்பதை மட்டும் விடவில்லை. ஒரு மத்தியானம், நாட்டின் இன்னொரு கோடியிலிருந்து வந்த வண்டிக்குள் நுழைவதற்கு முன் போனை எடுத்து அணைக்கப் போனபோது, அண்ணனிடமிருந்து வந்த செய்தி திரையில் இருந்தது.

"ஊசி, நல்ல சேதி. இங்கேயே சொந்தமா ஒரு கடை போடறேன். சீட்டைக் கழட்டாம ஆம்ப் மாட்ட இங்கேயும் ஆளுங்க தேடறாங்க. ஒல்லியா ஒரு பொண்ணை வேலைக்கு வச்சிருக்கேன். நீ எப்படி உள்ளே நுழையறேன்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முகம் தெரியணும்னு இல்லை, கையும் முதுகும் தெரிஞ்சாப் போதும்."