கலட்டிக்குத் திரும்பிய கற்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலய வளவின் மரநிழலில் நின்றபோதுதான் அண்ணை அந்தக் கதையை எடுத்தார்.

"வடக்குக் காணியைக் கேட்டு ஒரு ஆள் வந்தவர். நிலத்துக்கில்லை, கல்லுக்கு."

அந்தக் காணி எங்கள் இருவருக்கும் பொதுவானது. பன்னிரண்டு பரப்பு, ஏறக்குறைய முக்கால் ஏக்கர். போரில் இராணுவம் மூடிவைத்த, பல வருடங்கள் ஒருவரும் கால்வைக்க முடியாத பகுதிக்குள் கிடந்து, பிறகு கைக்கு வந்தது. எங்கள் ஊர்களில் அப்படிப்பட்ட நிலத்தைக் கலட்டி என்போம். மேலே கொஞ்சம் சிவப்பு மண், அந்த மண்ணுக்குள் மண்ணைவிட அதிகமாகக் கல், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. தோட்டம் செய்ய ஒருவரும் கேட்டதில்லை. பாறையை உடைத்து ஏற்றுகிறவர்கள் மட்டும் கேட்டார்கள். பக்கத்துக் காணியில் அவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மாரியில் அந்தக் குழியில் பாசித் தண்ணீர் நிற்கும். கோடையில் பிளாஸ்ரிக் பைகள் நிறைந்திருக்கும். அப்படியொரு குழியை எவரும் திரும்ப நிரப்பியதை நான் காணவில்லை.

"விக்க வேண்டாம். நான் அங்கை மாடு கட்டப் போறன்" என்றேன்.

அதுவரை அப்படியொரு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு சரியாகத்தான் பட்டது. நான் உடுவிலில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். வீட்டில் இரண்டு பசுக்கள். அவற்றைக் கட்டிவந்த வெற்றுக்காணியில் உரிமையாளர் வீடு கட்டத் தொடங்கியிருந்தார்.

அண்ணை சிரிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, திருநெல்வேலியில் தன் வீட்டின் இரண்டு அறைகளை கம்பஸ் மாணவருக்கு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கிற மனிதர். எதையும் யோசித்துத்தான் பேசுவார்.

"உந்தக் கலட்டியிலை ஆடே நிண்டு மேயாது. நீ மாட்டைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாய்?"

"ஒரு மாரியும் ஒரு கோடையும் தாங்கோ அண்ணை. அதுக்குப் பிறகும் சரிவராட்டி நீங்கள் சொல்லுற இடத்திலை கையெழுத்து வைக்கிறன்."

"ஓம். அடுத்த ஆவணி வரைக்கும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியில் கல் கிளப்பும் அலவாங்கைக் கட்டிக்கொண்டு போனேன். எதைச் செய்வதானாலும் முதலில் நிலம் என்னவென்று தெரிய வேண்டும். ஒரு குழி வெட்டினேன். வெட்டினேன் என்பதைவிடக் கல்லைக் கிளப்பினேன் என்பதே சரி. முழங்கால் ஆழத்தில் அலவாங்கு 'டங்' என்று நின்றது. அதற்குக் கீழே பாறை. கிளப்பிய கற்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் வெள்ளையாக ஒரு பூச்சு இருந்தது. மேற்புறத்தில் இல்லை. ஆய்வுகூடப் பழக்கத்தில் வீட்டிலிருந்து ஒரு போத்தல் வினாகிரி கொண்டுபோயிருந்தேன். ஒரு துளி விட்டேன். சோடா திறந்ததுபோல் நுரைத்தது. மண்ணில் விட்டேன், மண்ணும் நுரைத்தது.

திங்கட்கிழமை ஒரு கல்லைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் புவியியல் ரீச்சரிடம் காட்டினேன். என்னைவிட இருபது வயது இளையவர்.

"மழைத்தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டு கீழை இறங்கும் அக்கா. கல்லின்ரை அடியிலை கொஞ்சம் தொங்கி நிக்கும். தண்ணி காயேக்கை சுண்ணாம்பை அங்கையே விட்டுட்டுப் போகும். வறண்ட இடங்களிலைதான் உப்பிடி வரும். தூர தேசங்களிலை எரிமலைக் குன்றுகளிலை மேய்ச்சல் தரை இருக்கு. அங்கை கல்லு கறுப்பு, அடி மட்டும் இப்பிடி வெள்ளை."

"அங்கை மாடு மேயுதோ ரீச்சர்?"

"மேயுது."

எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் மேலும் ஏதோ விளக்கத் தொடங்கினார். மணி அடித்துவிட்டது.

அந்தப் புரட்டாதி முழுவதும் கல் பொறுக்கினேன். உரும்பிராயில் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முதல் நாளே சொன்னாள்: "அக்கா, கல்லைப் பொறுக்கினா மண் வருமெண்டு நினைக்கிறியளோ? கல்லுக்குக் கீழையும் கல்லுதான் கிடக்கு." நான் கேட்கவில்லை. மூன்று பரப்பைத் துப்புரவாக்கி, கற்களைப் பனையோலைக் கடகத்தில் சுமந்து எல்லையில் அரைச் சுவராக அடுக்கினோம். என் கைகளில் தோல் உரிந்தது. சிவந்த, மிருதுவான மண் வெளியே வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஐப்பசியின் முதல் தூறலோடு அறுகங்கட்டைகளை அதில் நட்டேன். மற்ற ஒன்பது பரப்பையும் தொடவில்லை, தொட நேரமில்லை.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. வெயில் வந்ததும் போய்ப் பார்த்தேன். துப்புரவாக்கிய நிலத்தின் மண் பாதி வழிந்து தாழ்ந்த பக்க வேலியோரம் சிவப்பாகப் படிந்திருந்தது. மிஞ்சியது காய்ந்து ஓடுபோல் இறுகியிருந்தது. நட்ட அறுகில் சில வேரோடு கிடந்தன. பிழைத்த சிலவும் மாசி வெயிலில் வைக்கோலாயின. அதற்குச் சாம்பல் போட்டது நான்தான், உரமென்று நினைத்து. பிறகுதான் ரீச்சர் சொன்னார், சுண்ணாம்பு கூடிய மண்ணில் சாம்பல் கேட்டைத்தான் கூட்டும், சாணம் போட்டிருக்க வேண்டும் என்று.

அதே மாசியில் தொடாத பக்கத்தில், கற்களுக்கு இடையே, ஒருவரும் நடாத புல் பச்சையாக நின்றது.

ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். மழை நின்று ஆறு வாரமாகியிருந்தது. ஆனாலும் கல்லின் கீழே மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. புல்வேர்கள் கூந்தல்போல் சேர்ந்து அந்த வெள்ளைப் பூச்சை ஒட்டிக்கொண்டிருந்தன. கல்தான் மழையின் அடியைத் தாங்கியது, வெயிலை மறைத்தது, மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அதை நான் ஒரு மாதம் பாடுபட்டு அகற்றியிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. என்மேல்தான் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடேயே சுவரிலிருந்து முதற் கல்லை எடுத்துக்கொண்டுபோய் நிலத்தில் வைத்தேன். பிறகு இன்னொன்று. அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு பாத்தியளவு இடம்தான் மூடப்பட்டது. ஆனால் இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உரும்பிராய்ப் பெண்ணுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னதும் அவள் கடகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "பொறுக்கின கையாலையே திரும்பப் போட வேண்டிக் கிடக்கு, என்னக்கா?" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதலில் சாணத்தைப் பரவி, அதன்மேல் கல்லை இடைவெளிவிட்டு வைத்தோம். எந்தப் பக்கம் கீழே இருந்ததென்று வெள்ளையைப் பார்த்தால் தெரியும். வெள்ளையை அடியில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் வைத்தேன். அப்படி வைப்பதில் மண்ணுக்கு ஏதும் நன்மை உண்டா என்று எனக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அண்ணை சொல்லாமல் வந்தார். பலாலி வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். நான் இடுப்பில் கடகத்தோடு நின்றேன். சுவரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை இருந்த கல்லைத்தானே வெளியிலை எடுத்தனீ?"

"ஓம்."

"இப்ப திரும்பக் கொண்டுவந்து போடுறாய்."

"ஓம்."

"உனக்கென்ன விசரே?"

கடகத்தை இறக்கி வைத்தேன். "இங்கை வாங்கோ அண்ணை. குனிஞ்சு கையை வைச்சுப் பாருங்கோ." கல் இல்லாத இடத்தில் கையை வைத்துவிட்டுச் சூட்டில் உடனே எடுத்தார். பிறகு தொடாத பக்கத்தில் ஒரு பெரிய கல்லை நான் புரட்ட, அதன் கீழே கையை வைத்தார். அந்தக் கையை அங்கிருந்து எடுக்கச் சற்று நேரமானது. வேர்களை விரலால் விலக்கிப் பார்த்தார். அந்தக் கல்லை முன்பிருந்தபடியே, எவருடைய உறக்கத்தையும் கலைக்காதவர்போல, திரும்ப வைத்தார்.

எழும்பிக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். சுவரடிக்குப் போய் இரண்டு கல்லைத் தூக்கினார்.

"இதுகளை எங்கை வைக்கிறது?"

"உதிலை. வெள்ளைப் பக்கம் கீழை."

அன்று மதியம்வரை கல் சுமந்தோம். அவருக்கு முதுகு நோவு உண்டு, ஆனாலும் நிறுத்தவில்லை. அடுத்த சனியும் வந்தார்.

சித்திரையில் நாலைந்து நல்ல மழை கிடைத்தது. கற்களின் ஓரங்களில் புல் கிளம்பியது. அடர்த்தியாக இல்லை, ஆனால் கிளம்பியது. எல்லையோரம் இப்பிலிப்பில் கம்புகள் வைத்தேன். அது சுண்ணாம்பைப் பொருட்படுத்தாத மரம், மாடு விரும்பித் தின்னும் குழை. தென்மேற்கிலிருந்து வறண்ட சோளகக் காற்று தொடங்கிய பிறகும் நிலம் முழுதாக வெறுந்தரையாகவில்லை. ஆனியில் பசுக்களை முதல்முறை அங்கே கொண்டுபோய்க் கட்டினேன். கல்லுக்கிடையே மூக்கை நுழைத்து மெதுவாக மேய்ந்தன.

ஆவணியில் கல் கேட்ட மனிதர் திரும்ப அண்ணை வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். இருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்தார் அண்ணை. பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"தர ஏலாது தம்பி. அந்தக் கல்லு எங்களுக்குத் தேவைப்படுது."

வந்தவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

இதைச் சொல்வதால் கலட்டி செழித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் அங்குள்ள புல் இரண்டு மாட்டுக்கும் காணாது. குழை வெட்டிக் கொண்டுபோய்த்தான் போடுகிறேன். வடகிழக்கு மூலையில் பாறை மேலேயே தெரிகிறது. அங்கே மூன்று மாரியாக எதுவும் நிற்கவில்லை. இந்தமுறை அண்ணை பழைய ஓலைகளைக் கொண்டுவந்து பரவியிருக்கிறார். நான் அதன்மேல் சாணமும் சிறுகல்லும் போட்டிருக்கிறேன். இப்போது நானும் ஓய்வுபெற்றுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் போக முடிகிறது. மழைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அதற்குள் அந்த மூலையை மூடி முடிக்க வேண்டும்.