ஆறாவதுக்கு ஒரு டிக்கெட்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கேட்கப்போவதில்லை. நேரங்களை மட்டும் சரியாக எழுதிவிடுகிறேன்.

2023 ஜூன் 4. காலை 8.50. அன்னவாசலில் எங்கள் வீடு. என் கணவர் வெற்றிசெல்வன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சத்யா, ஒன் பையில பழைய பஸ் டிக்கெட் கெடக்கா?"

"இருந்ததெல்லாம் நேத்தே உருவிட்டீங்க. கண்டக்டர்கூட இம்புட்டு வச்சிருக்க மாட்டாரு."

"சரி, வரும்போது நானே ஒண்ணு கொண்டாரேன்."

அதுதான் கடைசிப் பேச்சு.

கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர். அன்று மணமேல்குடியில் ஒரு காதுகுத்து. குழுவின் வேனில் போய், புதுக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. அவருடைய சொந்தக் கீபோர்டு வீட்டில் இருந்தது. அதை ஆல்பத்துக்கு மட்டும்தான் தொடுவார்.

அவரும் கிடார் வாசிக்கும் வசந்தும் ஒரு வருடமாக ஒரு சைக்கடெலிக் ராக் ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். மொத்தம் ஆறு இசைத் துண்டுகள். எதிலும் பாட்டு கிடையாது. கிடார் தன் போக்கில் அலையும். அடியில் இவருடைய கீபோர்டு புகை மாதிரி பரவி நிற்கும். ஒரே சுரம் நிமிஷக்கணக்கில் ஒலிக்க வேண்டும், இரண்டு கைக்கும் வேறு வேலை இருக்கும். அதனால் பஸ் டிக்கெட்டை மடித்துக் கட்டைகளுக்கு நடுவே செருகிவிடுவார். அழுந்திய கட்டை எழாது.

ஆல்பத்தில் மனிதக் குரல் ஓரிடத்தில்தான் வரும். ஐந்தாவதில், அவசரப்பட்டு டிக்கெட்டை உருவப் போன வசந்திடம் இவர் சொல்வது: "இரு. இன்னும் எடுக்காத." அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆறாவதுக்குக் கீபோர்டு மட்டும் பாக்கி. ஒன்பது நிமிஷம், ஒரே சுரம்.

அறந்தாங்கியைத் தாண்டிய வளைவில், 10.35க்கு, வேன் புளியமரத்தில் மோதியது. போனது அவர் மட்டும்.

நாற்பத்து மூன்றாம் நாள் வசந்த் போன் செய்தார். ஆறாவதை முடிக்க அந்தக் கீபோர்டு வேண்டும், மூன்று மணிக்கு வரட்டுமா என்று கேட்டார்.

"ஒங்களுக்கு மனசில்லன்னா வேணாம் அண்ணி."

வரச் சொன்னேன். மனசு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அது போனால் அந்த அறையில் அவர் தொட்டு வாசித்தது எதுவும் மிஞ்சாது என்பது மட்டும் தெரிந்தது.

மதியம் 2.17. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ம்ம்ம்ம்... என்று தாழ்ந்த ஒரு சத்தம். பிரிட்ஜ் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கே கரண்ட் போயிருந்தது.

அறைக்குள் போனேன். கீபோர்டு உறைக்குள் இருந்தது. அதன் ஒயர் சுருட்டியபடி அலமாரியில். உறைமேல் கை வைத்தேன். அதிர்ந்தது.

ஜிப்பைத் திறந்தேன்.

கட்டைகளுக்கு நடுவே ஒரு டிக்கெட்...

அவர் போன மறுநாள் உறையைப் போட்டு மூடியவள் நான். அப்போது அங்கே எதுவும் இல்லை.

கையை நீட்டினேன்.

"இரு. இன்னும் எடுக்காத."

காதோரம்.

போன் அடுக்களையில் இருந்தது. அணைந்து.

எடுக்கவில்லை. நின்றேன்.

2.26. சுரம் நின்றது.

எடுத்தேன்.

மூன்று மணிக்கு வசந்த் வந்தபோதும் அது என் கைக்குள்தான் இருந்தது. வாங்கிப் பிரித்து இரண்டு தடவை படித்தார்.

"அண்ணி... இத யாரு கொண்டாந்து குடுத்தா?"

யாரும் வரவில்லை என்றேன்.

மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை. ஒரு ஆள். 4.6.2023. மாலை 4.05.

மணமேல்குடிக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. 4.05க்கு அவர் பிணவறையில் இருந்தார். வெளியே பெஞ்சில் நான் இருந்தேன்.

கீபோர்டைக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டைக் கொடுக்கவில்லை.

அவர் சேர்த்த பழைய டிக்கெட்டுகளோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மெஷின் டிக்கெட்டில் எழுத்து நிற்காது. இரண்டு வருடத்தில் மற்றதெல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது.

இதில் மட்டும் எழுத்து கருப்பாகவே இருக்கிறது.